தைரியமா வாங்குங்கண்ணா

நான் கட்டுரை எழுதி விற்றவன். விற்றவற்றில் பெரும்பாலானவை யாரும் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. ஓர் இணையதளத்தைத் தேடுபொறியில் மேலே ஏற்றுவதற்காக எழுதப்பட்டவை. அதனால் ஒரு பட்டறை நொடித்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். அது நடக்கப்போகிறது என்ற எச்சரிக்கை முன்கூட்டியே என் கைக்கு வந்தது. மறைத்தேன். தீர்ப்பு உங்களுடையது. ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தினால் என்மேல் இரக்கம் வந்துவிடக்கூடும்.

கோவையில் எனக்குச் சிறிய அலுவலகம் இருந்தது. சில கணினிகள், கல்லூரி முடித்த நான்கைந்து பிள்ளைகள். செய்த வேலைக்குப் பெயர் ஆர்ட்டிக்கிள் மார்க்கெட்டிங். லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் படித்த காலத்தில் உருவாக்கிய கூகுளின் பேஜ்ரேங்க் முறை, ஒரு தளம் இன்னொரு தளத்துக்குக் கொடுக்கும் இணைப்பை ஓட்டு மாதிரி எடுத்துக்கொண்டது. நல்ல ஓட்டு நிறைய விழுந்தால் தளம் மேலே வரும். ஓட்டு இருக்கும் இடத்தில் கள்ள ஓட்டும் இருக்கும். நாங்கள் அதைப் போடுகிறவர்கள்.

அதற்கு வசதியாக ஈசைன் ஆர்ட்டிக்கிள்ஸ் போன்ற கட்டுரைத் தளங்கள் இருந்தன. யார் வேண்டுமானாலும் கட்டுரை அனுப்பலாம். கட்டுரையின் அடியில் எழுதியவரைப் பற்றி ஒரு பெட்டி வரும். அதில் நம் தளத்துக்கு இணைப்பு வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் அந்தக் கட்டுரையை எடுத்துத் தங்கள் தளத்தில் போடலாம். பெட்டியை மட்டும் நீக்கக் கூடாது. இந்த ஏற்பாட்டில் குற்றமில்லை. விஷயம் தெரிந்தவர் எழுதுவார். தேவைப்பட்டவர் படிப்பார். பிடித்தால் தளத்துக்கு வருவார். அப்படி நேர்மையாக நடத்தியவர்களும் இருந்தார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை.

என் வாடிக்கையாளர்களில் ஒருவர் கிரைண்டர் பட்டறைக்காரர். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதைச் செய்கிற சிறு பட்டறைகளும் நிறைய. இவர் ஒரு படி முன்னால் யோசித்தார். அமெரிக்க வீடுகளில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அங்கே ஓடும் மோட்டார் பொருத்தி, மேசைமேல் வைக்கிற சிறிய கிரைண்டரை இணையத்தில் விற்க நினைத்தார். சரக்கு நன்றாக இருந்தது. அதை நான் இன்றும் சொல்வேன். விற்கத் தகுதியில்லாத பொருளை ஏற்றிவிடத்தான் பொய் தேவைப்பட்டது என்ற சாக்குகூட எனக்கு இல்லை.

என் அலுவலகத்தில் ஒரு பெண் இருந்தாள். இயற்பியல் படித்தவள். இந்த வேலை வந்ததும் அவள் பட்டறைக்குப் போய் உட்கார்ந்து கேட்டுவந்தாள். ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிற கிரைண்டர் அமெரிக்காவில் ஓடுமா என்று எழுத விரும்பினாள். மின்மாற்றி வாங்கி வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது. அதனால் நம்மூர் மோட்டார் அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். மாவு சூடாகும். மோட்டாருக்கும் நல்லதல்ல. இதையெல்லாம் படத்தோடு எழுதினாள். அமெரிக்காவிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் உண்மையிலேயே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

ஒரு கட்டுரைக்கு அவள் அத்தனை நாள் எடுத்துக்கொண்டாள் என்று நான் கோபப்பட்டேன். "இதையெல்லாம் எவன் படிக்கப்போறான்?" என்று கேட்டேன். எல்லார் முன்னாலும் கேட்டேன். அந்தக் கட்டுரையை எந்தத் தளத்துக்கும் அனுப்பவில்லை. என் கணக்கில் கட்டுரை என்பது ஐந்நூறு சொல், இரண்டு இணைப்பு, எழுதுகிறவருக்கு 50 ரூபாய். அவள் எழுதியது அந்தக் கணக்கில் அடங்கவில்லை.

கர்வம்தான் காரணம். கூகுளை ஏமாற்றத் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு. பொறுமையாக ஒன்றைப் புரிந்துகொண்டு எழுதுகிறவர்கள் பிழைக்கத் தெரியாதவர்கள் என்ற இளக்காரம். அவள் அதன்பிறகு கேள்வி எதுவும் கேட்கவில்லை. சொன்னதை எழுதிக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் நின்றுவிட்டாள்.

பிறகு சுழற்றும் மென்பொருள் வாங்கினேன். ஒரு கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பதிலாக வரக்கூடிய சொற்களை நெளிவு அடைப்புக்குள் வரிசையாகக் கொடுத்தால், அது மாற்றி மாற்றிப் போட்டு நூற்றுக்கணக்கில் கட்டுரைகளைத் துப்பும். ஒவ்வொன்றும் தனிக் கட்டுரை என்று தேடுபொறி நம்ப வேண்டும். மனிதர் படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. துடைத்து வைக்க வேண்டிய பாகத்தைத் தண்ணீரில் முக்கச் சொல்லும். முக்கக் கூடாததையும் முக்கச் சொல்லும். மின்சாரத்தில் ஓடும் ஒரு சாமானைப் பற்றி அப்படி எழுதிப் பரப்பினோம். எடுத்துப் பார்க்கச் சொல்லி ஒரு பையன் என்னிடம் காட்டினான். "அனுப்பு, யார் பார்க்கறா" என்றேன்.

எல்லாக் கட்டுரையின் அடியிலும் ஒரே தொடரில் இணைப்பு வைத்தோம். 'வெட் கிரைண்டர் யூஎஸ்ஏ.' மனிதர்கள் ஒரு தளத்தைச் சுட்டிக்காட்டும்போது ஆளுக்கொரு விதமாகத்தான் சொல்வார்கள். எங்கள் ஓட்டுகள் எல்லாம் ஒரே கையெழுத்தில் இருந்தன. அது மாட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எழுதியவர் பெயரும் பொய். அமெரிக்கப் பெண் பெயர்கள் சூட்டினோம். விலைக்குக் கிடைக்கும் புகைப்படங்களை ஒட்டினோம். ஒருத்திக்கு ஊட்டச்சத்து நிபுணர் என்று பட்டமும் கொடுத்தேன். அந்தப் பட்டத்தை நானே தட்டச்சு செய்தேன். அவள் பெயரில் வந்த கட்டுரை, கல்லில் அரைத்த மாவு சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும் என்றது. அதற்கு ஆதாரம் ஏதும் என்னிடம் இல்லை. தேடவும் இல்லை. இட்லி மாவைக் கல்லில் அரைத்தாலும் அரிசி அரிசிதான் என்று தெரியாத வயதல்ல எனக்கு.

நியூ ஜெர்சியிலிருந்து ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். அப்பாவுக்குச் சுகர். கட்டுரையைப் படித்ததாகவும், கிரைண்டர் வாங்கினால் அப்பா வேளைக்கு எத்தனை இட்லி சாப்பிடலாம் என்றும் அந்த நிபுணரிடம் கேட்டிருந்தார். யாரும் படிக்கமாட்டார்கள் என்று நான் சொல்லிவந்த கட்டுரையை ஒருவர் படித்திருக்கிறார். நம்பியும் இருக்கிறார். அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். நிபுணர் யாரும் இல்லை, அது பொய், மருத்துவரைக் கேளுங்கள் என்று மூன்று வரி எழுதியிருக்கலாம். அந்த நிபுணரின் பெயரிலேயே பதில் போட்டேன். பதிலில் விலையும் வாங்குவதற்கான இணைப்பும் மட்டும் இருந்தன. அவர் வாங்கினார். அந்த அப்பா என்ன ஆனார் என்று நான் விசாரிக்கவில்லை. விற்பனைக் கணக்கில் ஒன்று கூட்டிக்கொண்டேன்.

2011 பிப்ரவரி 24. கூகுள் ஒரு பெரிய மாற்றத்தை அறிவித்தது. அதை உருவாக்கியதில் முக்கியப் பங்காற்றிய பொறியாளர் நவநீத் பாண்டாவின் பெயரால் அதற்குப் பாண்டா என்று பெயர். சத்தில்லாத பக்கங்களைக் கீழே தள்ளுவது அதன் வேலை. அமெரிக்கத் தேடல்களில் 11.8 விழுக்காட்டில் மாற்றம் தெரியும் என்று கூகுளே சொன்னது. ஏப்ரலில் அது உலகெங்கும் ஆங்கிலத் தேடல்களுக்கு வந்தது. கட்டுரைத் தளங்கள் பலத்த அடி வாங்கின. தொழிலில் இருந்த எல்லாருக்கும் செய்தி தெளிவாகத்தான் கேட்டது.

எனக்கும் கேட்டது. ஆனால் கிரைண்டர் தளம் விழவில்லை. தப்பித்ததைத் திறமை என்று எடுத்துக்கொண்டேன். பெரிய தளங்கள் கட்டுரைகளைச் சலிக்க ஆரம்பித்ததும், எதையும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் மட்டமான தளங்களுக்கு மாறினேன். எண்ணிக்கையை இன்னும் கூட்டினேன். வெளிநாட்டு ஆர்டர்கள் ஏறின. பட்டறைக்காரர் தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டியோடு அலுவலகத்துக்கு வந்தார். ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். அவருக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாது. ஒருமுறை கேட்டார். "அது டெக்னிக்கலுங்கண்ணா" என்று சொல்லி வாயை அடைத்தேன். புரியும்படி சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். அது எனக்குத் தெரியும்.

2012 மார்ச். கிரைண்டர் தளத்துக்கான கூகுள் வெப்மாஸ்டர் டூல்ஸ் கணக்கில் ஒரு செய்தி வந்து கிடந்தது. உங்கள் தளத்தை நோக்கி இயல்புக்கு மாறான இணைப்புகள் இருப்பதைக் கண்டோம், நீக்கிவிட்டு மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள் என்ற பொருளில். அந்தக் கணக்கு என் பெயரில் இருந்தது. தளம் அவருடையது, சாவி என்னிடம். அப்படித்தான் எல்லா வாடிக்கையாளருக்கும் செய்துவைத்திருந்தேன். விட்டுப் போகமாட்டார்கள் என்பதற்காக.

படித்தேன். கணக்கை மூடினேன். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த சில நாட்களில் பட்டறைக்காரர் கூப்பிட்டார். அந்த வருடம் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. கோவைப் பட்டறைகள் கரண்டுக்குக் காத்துக்கிடந்தன. பட்டறைக்குப் போனபோதும் இருட்டுதான். ஆட்கள் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏனுங்க தம்பி, ஜெனரேட்டர் ஒண்ணு போட்டரலாம்னு பாக்கறேன். பேங்க்ல லோன் தர்றேங்கறாங்க. வீட்டுப் பத்திரத்தைக் கேக்கறாங்க. உங்களக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கறேன். இந்த வெளிநாட்டு ஆர்டரு இப்படியே நிக்குமுங்களா? லோன் வாங்கலாமுங்களா?"

அந்தச் செய்தி என் மனதில் இருந்தது. மறந்துபோகவில்லை. அப்போது எனக்கு நான்கு வழிகள் இருந்தன. உண்மையைச் சொல்லலாம். மூன்று மாதம் பொறுங்கள் எனலாம். வேறு யாரையாவது கேளுங்கள் எனலாம். குறைந்தபட்சம் தெரியாது என்றாவது சொல்லலாம். தெரியாது என்ற ஒரு சொல் அவருடைய வீட்டுப் பத்திரத்தைக் காப்பாற்றியிருக்கும்.

"தைரியமா வாங்குங்கண்ணா. இன்னும் ஏறும்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பயம்தான் முதலில். உண்மையைச் சொன்னால் மாதப் பணம் நின்றுவிடும். நான் கெட்டிக்காரன் என்று அவர் நம்பிக்கொண்டிருந்த நம்பிக்கையும் போய்விடும். பணத்தைவிட அந்த நம்பிக்கையை இழக்கத்தான் அதிகம் பயந்தேன். ஆனால் பயம் மட்டும் ஒருவனை அத்தனை சரளமாகப் பொய் சொல்ல வைக்காது. நான் தடுமாறவில்லை. குரல் நடுங்கவில்லை. முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் வருடக்கணக்கில் பொய் சொல்லிப் பழகியிருந்தேன். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரிடம் சொல்வதற்கு அந்தப் பழக்கம் போதுமானதாக இருந்தது. கட்டுரைதானே, யார் படிக்கிறார்கள் என்று தொடங்கியது அங்கேதான் கொண்டுவந்து விட்டது.

2012 ஏப்ரல் 24. கூகுள் பெங்குவின் மாற்றத்தைக் கொண்டுவந்தது. இந்த முறை குறி கள்ள இணைப்புகள்மேல். ஆங்கிலத் தேடல்களில் 3.1 விழுக்காடு பாதிக்கப்படும் என்றார்கள். சிறிய எண்ணாகத்தான் தெரியும். அந்தச் சிறிய எண்ணுக்குள் எங்கள் கிரைண்டர் முழுசாக இருந்தது. முதல் பக்கத்திலிருந்த தளத்தைத் தேடிப் பிடிக்கவே முடியவில்லை. ஆர்டர் நின்றது. குறைந்தது என்று சொல்லவில்லை. நின்றது.

ஜெனரேட்டர் அதற்குள் வந்து இறங்கிவிட்டது.

அவர் கேட்டபோது, கூகுள் எல்லாரையும் அடித்துவிட்டது என்றேன். அது பாதி உண்மை. பாதி உண்மையைச் சொல்கிறவனைப் பிடிப்பது கஷ்டம். மின்வெட்டால் நேரத்துக்குச் சரக்கு அனுப்ப முடியாமல் போனதுதான் காரணம் என்று அவர் தானாகவே நினைத்துக்கொண்டார். வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது என்றார். நான் மறுக்கவில்லை. "இருக்குமுங்கண்ணா" என்றேன். தன் குற்றம் என்று அவர் நம்பும்படி விட்டேன். அதற்குப் பிறகும் சில மாதங்கள் பணம் வாங்கினேன். தளத்தை மீட்கிறேன் என்று சொல்லி வாங்கினேன்.

மீட்கத் தெரியவில்லை. போலி மின்னஞ்சல்களில் கணக்குத் தொடங்கியிருந்தோம், கடவுச்சொற்கள் தொலைந்திருந்தன. கட்டுரைகளை நீக்கச் சொல்லி எழுதினால் பல தளங்கள் பதிலே தரவில்லை. சில நீக்குவதற்குப் பணம் கேட்டன. அக்டோபரில், இந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளுக்குப் பட்டியல் கொடுக்கும் வசதி வந்தது. பட்டியல் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் நாங்கள் எழுதியவற்றை முதல் முறையாக வரிசையாகப் படித்தேன். குப்பை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். குப்பை யாரையும் கெடுக்க நினைப்பதில்லை. இது நினைத்துச் செய்தது.

அவர் மற்ற பட்டறைகளுக்குக் கூலி வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்தார். ஆட்களைக் குறைத்தார். ஜெனரேட்டரை நஷ்டத்துக்கு விற்றார். கடன் மட்டும் நின்றது. பிறகு பட்டறையைக் காலி செய்தார். கல் கொத்துகிற பெரியவர் ஒருவர் அவரோடு தொடக்கத்திலிருந்தே இருந்தவர். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளி உடையில் அவரைப் பார்த்தேன். அவர் என்னை அடையாளம் கண்டு வணக்கம் சொன்னார். நான் போனில் பேசுவதுபோல் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உண்மையைச் சொல்ல எனக்குச் சில வருடங்கள் ஆயின. மனசாட்சி உறுத்தித்தான் போனேன் என்று சொல்ல ஆசை. அது முழு உண்மை அல்ல. 2013 ஜூலையில் கூகுள் தன் விதிகளில் பெருமளவு ஆர்ட்டிக்கிள் மார்க்கெட்டிங் பிரசாரத்தைப் பெயர் சொல்லியே தவறான இணைப்பு வேலை என்று சேர்த்தது. 2014 ஜனவரியில் கூகுளின் மேட் கட்ஸ், மற்றவர் தளங்களில் இணைப்புக்காக எழுதும் வழக்கமும் கெட்டுப்போய்விட்டது, நிறுத்திக்கொள்ளுங்கள் என்று எழுதினார். என் தொழில் அதோடு முடிந்தது. இழக்க எதுவும் இல்லாமல் போன பிறகுதான் எனக்கு உண்மை சொல்லும் தைரியம் வந்தது. அதற்குத் தைரியம் என்று பெயரில்லை.

அவர் வீட்டுத் திண்ணையில் வைத்து மார்ச் மாதச் செய்தியைப் பற்றிச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார். கேட்டது ஒரே கேள்வி.

"லோன் வாங்கலாமான்னு கேட்டனே, அப்பவே தெரியுமுங்களா?"

"தெரியுமுங்கண்ணா."

"நான் கரண்டு மேல பழியப் போட்டுட்டு இருந்தனே" என்றார். திட்டவில்லை. உள்ளே போய்விட்டார். அவருடைய மனைவி வந்து, நீங்க கெளம்புங்க என்றார். இத்தனை நாளும் தம்பி என்று கூப்பிட்டவர் அன்று அந்தச் சொல்லைச் சேர்க்கவில்லை. கடைசி மாதங்களில் வாங்கிய பணத்தைத் தவணையாகத் திருப்பிக் கொடுத்தேன். வங்கிக்கு அவர் கட்டிய வட்டியை என்னால் கொடுக்க முடியவில்லை. அதை மன்னித்தாரா என்று கேட்கும் உரிமை எனக்கில்லை என்பதால் கேட்கவில்லை.

இணையத்தில் பொருள் விற்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். தளத்தின் கணக்குகள் எல்லாம் உங்கள் பெயரில் இருக்கட்டும். வேலை செய்கிறவனுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். உங்கள் பெயரால் வெளியே போகிற ஒவ்வொரு கட்டுரையையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் மாமியாரிடம் படித்துக்காட்டக் கூச்சமாக இருந்தால் அது போகக் கூடாது. 'டெக்னிக்கல்' என்று சொல்லி எவனாவது வாயை அடைத்தால் அவனை மாற்றுங்கள். நான் நிராகரித்த அந்த ஒற்றைக் கட்டுரை, கிரைண்டர் அமெரிக்காவில் ஓடுமா என்பது, இன்று போட்டாலும் ஆட்கள் தேடிவந்து படிப்பார்கள். அதை எழுதியவளிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. வர வேண்டிய கட்டாயமும் இல்லை.

நாங்கள் அடைப்புக்குறி போட்டுச் சுழற்றியதை இன்று இயந்திரங்கள் பிழையில்லாத ஆங்கிலத்திலேயே செய்கின்றன. தரவரிசைக்காகவே பக்கங்களைக் குவிப்பது முறைகேடு என்று 2024 மார்ச்சில் கூகுள் மறுபடி விதியைத் திருத்தியது. இதே வேலையில் இருக்கும் இளைஞர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். எல்லாரும் செய்கிறார்கள் என்கிறார்கள். என் பக்கத்து வாதமாக நானும் நீண்ட நாள் வைத்திருந்தது அதுதான். அன்றைக்குப் பலரும் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த மார்ச் மாதச் செய்தி எல்லாருக்கும் வரவில்லை. என்னிடம் வந்தது. லோன் வாங்கலாமா என்று அந்த மனிதர் எல்லாரையும் கேட்கவில்லை. என்னைக் கேட்டார். அந்த வாதத்தை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வேறு வாதம் என்னிடம் இல்லை.